பச்சை விளக்கு வரும் வரைக்கும்

அத்தியாயம் 17

ஊரில் உள்ள பிள்ளைகளின் பேட்டரி கார்களையெல்லாம் ஓட வைக்கிற பிளாரன்ஸுக்கு, பெற்ற மகனின் ஜீப்பை மட்டும் ஓட வைக்கத் தெரியவில்லை. இந்தச் செய்தி திரேஸ்புரம் முழுக்கப் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில்கூட, "என்ன பிளாரன்ஸு, ஜோன்ஸ் வண்டி விடிஞ்சா கேட்டத் தாண்ட மாட்டக்காமே?" என்று விசாரித்தார்கள். விசாரித்தவர்களின் முகத்தில் இருந்தது கவலையா, குஷியா என்று அவள் ஆராயப் போகவில்லை. குஷிதான் என்று அவளுக்கே தெரியும்.

சென்ற வாரம் ஜோன்ஸின் ஐந்தாவது பிறந்தநாளில் தெருவே கூடி நின்று பார்த்தது நினைவிருக்கும். தாத்தா பாஸ்கல் வாங்கிக் கொடுத்த நீல ஜீப், பாட்டெல்லாம் பாடி, முன்விளக்கெல்லாம் போட்டு, கம்பீரமாகக் கேட் வரைக்கும் போனது. அங்கே ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

அன்றிலிருந்து தினமும் ஒரே கதை. பகலில் பிளாரன்ஸ் பேட்டரியைக் கழற்றிக் கடையில் இருக்கிற தன் சார்ஜரில் போட்டு ஏற்றுவாள். சாயங்காலம் ஜீப் பறக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஜோன்ஸ் அதை உள்ளே ஓட்டிக்கொண்டு வந்து, பெட்டியோடு வந்த சார்ஜரைத் தன் கையாலேயே மாட்டுவான். "எஞ் ஜீப்பு, எஞ் சார்ஜரு" என்று வேறு யாரையும் தொட விடமாட்டான். மாட்டியதும் பச்சை விளக்கு எரியும். விடிந்து ஏறி உட்கார்ந்தால் ஜீப் நாலடி நகரும். ஐந்தாவது அடிக்கு அதனிடம் பலம் இருக்காது.

எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று பிளாரன்ஸ் முடிவு கட்டியிருந்தாள். கசிவைத் தேடி அவள் திறக்காத மூடி இல்லை. ஸ்விட்சைப் பார்த்தாள், பியூஸைப் பார்த்தாள், பெடலுக்கு அடியில் போகிற வயரைப் பார்த்தாள். கடற்கரைக் காற்று எதையும் சும்மா விடாது. ஆறு மாதம் வெளியில் நின்ற வண்டியின் சார்ஜர் சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்துக் கிடக்கும். ஆனால் இது புத்தம் புது வண்டி. உள்ளே அத்தனையும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

அவள் டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்தவள். கணவன் ஃபிராங்க்ளின் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் வீட்டில் இல்லாத மாப்பிள்ளை. அவன் இல்லாத நாட்களை என்ன செய்வது என்று தெரியாமல், வீட்டின் முன் அறையில் அவள் ஆரம்பித்த கடை இது. இன்றைக்கு ஆறுமுகநேரியிலிருந்துகூட உடைந்த பேட்டரி பைக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வண்டி சவால் விட்டால் எப்படி இருக்கும்? தூக்கம் போயிற்று. அதைவிட, உண்மையைச் சொன்னால், காரணம் என்னவாக இருக்கும் என்கிற அரிப்புதான் அவளைத் தூங்க விடவில்லை.

அன்று குருசடித் திருநாள். தெருமுனையில் சிலுவை நட்ட குருசடியில் காலையிலேயே மைக் செட் கட்டியாகிவிட்டது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஜோன்ஸ் கடைப் படியில் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"சாயங்காலம் குருசடிக்கு ஜீப்புலதான் வருவேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேம்மா."

"வரலாம்ல."

"காலையில ஓடும்னு நேத்தும் இப்பிடித்தான் சொன்ன."

பிளாரன்ஸ் ஜீப்பைக் கவிழ்த்துப் போட்டு, தலையை அதன் வயிற்றுக்குள் விட்டாள். அப்போதுதான் மாமனார் உள்ளே வந்தார்.

பாஸ்கல் கடைக்குள் வருவதே அதிசயம். முப்பது வருஷம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல் அவர். பொம்மை கார் ரிப்பேர் என்பது அவர் கணக்கில் ஒரு தொழிலே இல்லை, பிள்ளைகளோடு பிள்ளையாக விளையாடுவது. அப்படிப்பட்டவர் காப்பி தம்ளரோடு வந்து, மேஜை மேல் வரிசையாகக் கிடந்த சார்ஜர்களைக் குனிந்து பார்த்தார்.

"ஏளா, இதுல சிவப்பு லைட்டு எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் மாமா. பச்சை வந்தா ஏறி முடிஞ்சிட்டு."

"ரெண்டு நாளா சிவப்பாவே நிக்குன்னு வையி?"

"யாரு வண்டி மாமா?"

"ஒரு ஆளு கேட்டான்."

யார் அந்த ஆள் என்று அவள் கேட்டிருப்பாள். அதற்குள் ஜோன்ஸ், "அப்ப ஜீப்பு வராதா?" என்று சத்தமாக அழ ஆரம்பித்துவிட்டான். பிளாரன்ஸ் கையில் ஸ்குரூ ட்ரைவரோடு, தலையை வெளியே எடுக்காமலே சொன்னாள்.

"பச்சை வார வரைக்கும் கழட்டாதீங்கன்னு சொல்லுங்க மாமா."

கடைச் சுவரில் அவளே எழுதி ஒட்டி வைத்திருக்கிற வாசகம்தான் அது. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். பாஸ்கல் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். தெருவில் நின்று போனில் பேசுவது கேட்டது. "ஏலே தங்கதுரை, நான்தாம்ல. பச்சை வார வரைக்கும் கழட்டக் கூடாதாம். போய்ச் சொல்லிரு."

ஆட்டோ ஓட்டுகிற தங்கதுரைக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவனுக்கு எதற்குப் பேட்டரி கார் என்று பிளாரன்ஸ் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மகனின் மூக்கைத் துடைத்து, பள்ளிக்கூட வேனில் ஏற்றப் போனாள்.

*

பத்து மணிக்கு விக்டர் வந்தார். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். மகனுடைய பேட்டரி பைக்கை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார்.

"பேட்டரி டூப்ளிகேட் போலுக்கு பிளாரன்ஸு. ஒரே நாள்ல இப்பிடி ஆயிட்டு."

சீட்டைத் தூக்கியதும் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. செங்கல் போல நாலு பக்கமும் நேராக இருக்க வேண்டிய பேட்டரி, உப்பிய இட்லியாகப் புடைத்திருந்தது. ஒரு பக்கம் விரிசல் விட்டு, உள்ளிருந்து ஈரம் கசிந்து காய்ந்திருந்தது.

"என்ன சார்ஜர்ல போட்டீங்க?"

"அதோட சார்ஜரு காணாமப் போச்சு. படகு பேட்டரிக்குப் போடுவோம்ல, அந்த சார்ஜர்ல போட்டேன். இதுவும் பன்னிரண்டு வோல்ட்டு, அதுவும் பன்னிரண்டு வோல்ட்டுதான?"

"உங்க படகு பேட்டரிய ரெண்டு ஆளு தூக்கணும். இத உங்க மகன் ஒரு கையில தூக்குவான். ரெண்டுக்கும் ஒரே அளவா ஊத்துவீங்க?"

விக்டர் தலையைச் சொறிந்தார். பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கரையில் இந்தத் தப்பு மாதம் ஒன்றாவது வரும். படகுக்காரர் வீட்டில் எதற்கும் படகுச் சாமானைத்தான் முதலில் தேடுவார்கள்.

"நல்ல வேளை, வெடிக்கல. பிள்ளை பக்கத்துல நின்னிருந்தா என்ன ஆகும்? வண்டியக் குத்தம் சொல்லுததுக்கு முந்தி சார்ஜர முதல்ல பாருங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லுதேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சார்ஜரை முதலில் பாருங்கள். ஊருக்கெல்லாம் சொல்கிறவள், ஒரு வாரமாக ஜீப்பின் குடலை உருவிப் பார்த்தவள், ஜோன்ஸின் சார்ஜரைப் பார்க்கவே இல்லை. புதுப் பெட்டியிலிருந்து வந்தது. மாட்டினால் பச்சை எரிகிறது. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

விக்டரைப் பேட்டரி மாற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே ஓடி அந்தச் சார்ஜரை எடுத்து வந்தாள். கறுப்பு டப்பா, உருண்டைப் பின். மேஜையில் கிடக்கிற எல்லாச் சார்ஜரும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். பிளக்கில் மாட்டி, மீட்டரின் முனைகளைப் பின்னில் வைத்தாள்.

ஏழு.

மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் ஏழுதான். டப்பாவின் முதுகைத் திருப்பி, எறும்பு எழுத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு வோல்ட் சார்ஜர். ஜீப்புக்கு வேண்டியது பன்னிரண்டு.

ஆறு வோல்ட் சார்ஜரால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குள் ஒரு சொட்டுக் கரண்டைக்கூடத் தள்ள முடியாது. தள்ள முடியாததால் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாத சார்ஜர், வேலை முடிந்த சார்ஜரைப் போலவே பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஜீப் ஒவ்வொரு ராத்திரியும் பட்டினி கிடந்திருக்கிறது. கசிவும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை.

பிளாரன்ஸ் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வாரத்துப் பாரம் இறங்கியது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து நிற்பது அவள் சுபாவம். கட்டிய பெட்டிக்குள் வேறு வண்டியின் சார்ஜர் எப்படி வந்தது?

பொம்மைக் கடை லிங்கராஜுக்கு போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஜீப்புக்கு ஆறு வோல்ட் சார்ஜர் வச்சு அனுப்பியிருக்கீங்க."

"வாய்ப்பே இல்ல தங்கச்சி. ரெண்டு பெட்டியையும் தண்டல் முன்னாலயே பிரிச்சு, ஓட்டிக் காட்டி, அவரு தலையாட்டுன பொறவுதான் கட்டுனேன்."

"ரெண்டு பெட்டியா?"

அந்தப் பக்கம் லிங்கராஜ் கொஞ்சம் இழுத்தார். வியாபாரிக்கு மூக்கில் வியர்த்திருக்கும்.

"ஆமா... உங்க வீட்டுக்குன்னுதான் நான் நினைச்சேன். நீல ஜீப்பு ஒண்ணு, ரோஸ் கலர் ஸ்கூட்டர் ஒண்ணு. ஸ்கூட்டர் ஆறு வோல்ட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளது. மூணு வயசுப் பாப்பா ஓட்டுமான்னு நாலு தடவை கேட்டாரு. ஏன், ஸ்கூட்டர்ல எதும் கோளாறா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பொறவு பேசுதேன்."

போனை வைத்தவளுக்கு முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. கப்பல்காரன் பெண்டாட்டிக்கு அப்படி ஒரு நினைப்பு வராமல் இருக்குமா? ஃபிராங்க்ளினுக்கு எங்கேயாவது ஒரு ரோஸ் ஸ்கூட்டர் பாப்பா இருந்து, அப்பாவை வைத்து வாங்கிக் கொடுக்கிறானோ? பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். ஃபிராங்க்ளினுக்கு அவள் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது. இரண்டு குடும்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிற மூளை அவனுக்குக் கிடையாது.

மூன்று வயதுப் பாப்பா. பிளாரன்ஸ் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தாள். இந்த வீட்டு ரத்தத்தில் இன்னொரு குழந்தை இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

விக்டோரியாவின் பிள்ளை.

விக்டோரியா ஃபிராங்க்ளினின் தங்கை. ஆறு வருஷத்துக்கு முன் செந்தூர்வேல் என்கிற பையனை விரும்பினாள். பையனின் அப்பா சங்கரபாண்டியன் மாப்பிள்ளையூரணியில் இரும்புக் கடை வைத்திருக்கிறவர். பனங்காட்டு ஊர்க்காரர், வேறு சாமி கும்பிடுகிறவர். முறைப்படி கேட்போம் என்று பழத்தட்டோடு இந்த வீட்டுக்கு வந்தார். பாஸ்கல் அவரை உட்காரச் சொல்லவில்லை. வந்தவர் நின்றபடியே தட்டைப் பிடித்துக்கொண்டிருந்து, நின்றபடியே திரும்பிப் போனார். அடுத்த வாரம் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்தது.

அதிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன் மாமியார் இறந்தபோது விக்டோரியா கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பாஸ்கல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மண் போடாமலே போனாள். பிறகு போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

அந்த மனிதரா கடைக்காரரிடம் நாலு தடவை கேட்டு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்? பிளாரன்ஸுக்குக் கண் நிறைந்தது. மாமா, நீங்க பலே ஆளு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாத்தனாரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு வருஷமாக அதை வெளியில் சொல்ல முடியாமல் இருந்தாள்.

கண்ணைத் துடைத்தபோது மேஜையில் இருந்த விக்டரின் பேட்டரி பார்வையில் பட்டது.

சார்ஜர்கள் மாறியிருக்கின்றன. ஆறு வோல்ட் இங்கே வந்துவிட்டது என்றால் பன்னிரண்டு வோல்ட் அங்கே போயிருக்கிறது. சின்ன பேட்டரிக்கு இரண்டு மடங்கு சார்ஜர். அது எவ்வளவு ஏறினாலும் நிரம்பியது என்று ஒத்துக்கொள்ளாது. பச்சைக்கு மாறவே மாறாது. சிவப்பாகவே நிற்கும்.

ரெண்டு நாளா சிவப்பாவே நிக்குன்னு வையி. ஒரு ஆளு கேட்டான்.

பச்சை வருகிற வரைக்கும் கழற்றாதீர்கள். சொன்னது யார்? அவளேதான். வருகிறவர்களிடமெல்லாம் அந்த வாசகத்தோடு இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்வாள்: பத்து மணி நேரத்துக்கு மேல் எதையும் போட்டு வைக்காதீர்கள். இன்று காலையில் ஜோன்ஸ் அழுத அழுகையில் அந்தப் பாதியை விட்டுவிட்டாள்.

தங்கதுரைக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறான் என்றது போன். மறுபடி அடித்தாலும் அதே பாட்டு. விக்டோரியாவின் புது நம்பர் அவளிடம் இல்லை. மாப்பிள்ளையூரணியில் வீடு எந்தத் தெரு என்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், அந்தப் பெயரை வாயால் சொல்லாத ஆள்.

ஜோன்ஸின் சார்ஜரை ஒரு கையிலும், விக்டரின் புடைத்த பேட்டரியைப் பையில் போட்டு இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்தக்கூடச் செய்யாமல் குருசடிக்கு நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஓடினாள்.

*

குருசடியில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாஸ்கல் நடுவில் நின்று, "ஏலே, அந்தக் கால இன்னும் ஒரு சாண் தள்ளிப் போடு" என்று தோணியில் நிற்கிற நினைப்பில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் இங்கன வாங்க."

"வேலை நடக்குல்லா."

"இப்பவே வரணும் மாமா."

அந்தக் குரலில் மருமகள் இதுவரை பேசியதில்லை. பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கல் அவள் பின்னால் குருசடியின் பின்பக்கச் சுவருக்கு வந்தார்.

"ரோஸ் ஸ்கூட்டர் எங்கன இருக்கு?"

"என்ன ஸ்கூட்டரு?"

"லிங்கராஜ் அண்ணாச்சி சொல்லிட்டாரு."

"அவனுக்கு வாயில பூட்டே கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் கடல் பக்கம் பார்த்தார். "ஒரு சிநேகிதன் பேத்திக்கு வாங்குனேன். அதுக்கு இப்ப என்ன?"

பிளாரன்ஸ் அந்தப் பொய்யோடு மல்லுக்கட்டவில்லை. நேரம் இல்லை. பையிலிருந்த பேட்டரியை எடுத்துச் சுவர் மேல் வைத்தாள்.

"இதப் பாருங்க மாமா. விக்டரு சார்ஜர மாத்திப் போட்டதுல ஆனது. அந்த ஸ்கூட்டர்ல இருக்க பேட்டரி இதுல பாதி. அதுல மாட்டியிருக்குற சார்ஜரு ஜோன்ஸ் ஜீப்புக்கு உள்ளது. இந்தா, ஸ்கூட்டர் சார்ஜர் எங்கையில இருக்கு. எப்பிடி மாறுச்சு?"

பாஸ்கல் அவள் கையில் இருந்த கறுப்பு டப்பாவைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். விரிசலில் விரலை வைத்து எடுத்தார்.

"ரெண்டையும் மாதா கோயிலுக்குக் கொண்டு போனேன்" என்றார் மெதுவாக. "புது வண்டி மந்திரிக்காம ஓட்டக் கூடாதுல்லா. சாமியார் முன்னால எல்லாத்தையும் பிரிச்சு வச்சேன். சார்ஜருலயும் தீர்த்தம் படட்டும்னு அதையும் எடுத்து வச்சேன். தெளிச்சு முடிக்கதுக்கும் நம்ம தெரு ஆளுவ ரெண்டு பேரு உள்ள வாரதுக்கும் சரியா இருந்துச்சு. ரெண்டு வண்டியப் பாத்தா யாருக்குன்னு கேப்பாங்கல்லா. அவசரத்துல கையில கிடைச்சத கிடைச்ச பெட்டிக்குள்ள திணிச்சுட்டேன்."

காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து முப்பது வருஷம் தப்பில்லாமல் கரை சேர்த்த மனிதர், இரண்டு பெட்டியைச் சரியாகக் கட்டவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்கிற பயம் கண்ணை மறைத்திருக்கிறது.

"பச்சை வராது மாமா. நாளைக்கும் வராது. கழட்டலன்னா புகையும், வெடிக்கக்கூடச் செய்யும். பிள்ளை அதுகிட்டயே நிக்கும், லைட்டு எப்ப மாறும் எப்ப மாறும்னு பாத்துக்கிட்டு."

பாஸ்கல் தெருப் பக்கம் திரும்பினார்.

"தங்கதுரையப் போவச் சொல்லு."

"லைன் கிடைக்க மாட்டக்கு. விக்டோரியா நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் முன்னால் சொல்லப்பட்டது. அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஐஸ் ஃபேக்டரின்னு பேரு போட்டு வச்சிருக்கேன். தங்கதுரை குடுத்தான். ஒரு நாளும் அடிச்சதில்ல."

பிளாரன்ஸ் போனை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"கழட்டாதன்னு சொல்லி விட்டது நானு. கழட்டுன்னும் நான்தான் சொல்லணும்."

"அப்பிடிச் சொல்லச் சொன்னது நான் மாமா."

"கேட்டது நான்தான?" என்று சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினார்.

தோணி இன்ஜின் சத்தத்தில் காது மந்தமான ஆள், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிளாரன்ஸ் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

"அலோ" என்றது ஒரு சின்னக் குரல்.

பாஸ்கல் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அலோ, யாரு பேசுதீங்க?"

"அம்மா எங்க பாப்பா?" என்றார்.

"மாடில துணி காயப் போடுதாங்க."

"நீ எங்கன நிக்க?"

"வண்டிகிட்ட. இன்னும் செவப்பாவே இருக்கு. முட்டை நாத்தம் அடிக்கு."

பிளாரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்கலின் குரல் மாறியது. புயலில் தோணி ஆடும்போது பயந்த ஆட்களிடம் பேசியிருப்பாரே, அந்தக் குரலாக இருக்க வேண்டும். அவசரமே இல்லாத குரல்.

"பாப்பா, தாத்தா சொல்லுதத கேளு. வண்டியத் தொடாத. போனக் கையில வச்சுக்கிட்டு வாசலுக்குப் போ. அங்கன நின்னு அம்மாவ சத்தமா கூப்பிடு பாப்போம்."

"சரி."

சின்னக் கால்கள் ஓடும் சத்தம். "அம்மோய், ஒரு தாத்தா உங்களக் கூப்பிடுதாங்க." பிறகு படியில் யாரோ இறங்கி வரும் சத்தம். தூரத்திலிருந்து விக்டோரியாவின் குரல் கேட்டது.

"ஏளா பிலோமி, போன எடுத்து யார்ட்ட பேசுத?"

பிலோமி, பாஸ்கலின் பெண்டாட்டி பெயர். கல்லறைத் தோட்டத்தில் மகளை மண் போட விடாமல் அவர் அடக்கம் செய்தவளின் பெயர். குழந்தையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் தங்கதுரை பாப்பா என்றுதான் சொல்லியிருக்கிறான். பெயர் என்னவென்று கேட்க இவருக்கு வாய் வந்ததில்லை.

"யாருங்க?" என்றாள் விக்டோரியா, போனை வாங்கி.

"ஏளா, அந்தப் பிளக்கப் புடுங்கு."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பன் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அப்பாவா?"

"பொறவு பேசலாம். முதல்ல சுவத்துல ஸ்விட்ச அமத்து. அதுக்குப் பொறவு பிளக்கப் புடுங்கு. வண்டிய மட்டும் தொட்டுராத."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஓடினாள். டிக் என்று ஒரு சத்தம்.

"புடுங்கிட்டேன்ப்பா. சீட்டுக்கு அடியிலருந்து சூடு அடிக்கு."

பிளாரன்ஸ் போனுக்கு அருகில் குனிந்தாள். "விக்கி, அண்ணி பேசுதேன். கதவு சன்னல எல்லாம் திறந்து விடு. பிள்ளைய வெளிய வச்சுக்கோ. ஆறட்டும், யாரும் பேட்டரியில கை வைக்க வேண்டாம். நான் வந்து எடுத்துருதேன்."

"அண்ணி" என்று அவள் விசும்பினாள். "கடைக் குலுக்கல்ல எம்பேருக்கு விழுந்த வண்டின்னுல்லா தங்கதுரை கொண்டு வந்து வச்சான். நான் எந்தக் குலுக்கலுக்கும் பேரு குடுக்கலியேன்னு அப்பமே நினைச்சேன்."

பிளாரன்ஸ் மாமனாரைப் பார்த்தாள். அவர் குருசடியின் உச்சியில் இருந்த குருசைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து வயதான ஆண் குரல் ஒன்று கேட்டது.

"யாரும்மா போன்ல? என்ன நாத்தம் இது?"

சங்கரபாண்டியன். பாஸ்கல் வீட்டில் பழத்தட்டோடு நின்றவர். விக்டோரியா மாமனாருக்குப் பதில் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. என்ன சொல்லட்டும் என்று அவள் கேட்கவும் இல்லை, காத்திருந்தாள்.

பந்தல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்நேரம் பாஸ்கல் அவர்களை ஒரு அதட்டு அதட்டியிருக்க வேண்டும். அவர் அவர்களைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"சொல்லு" என்றார் போனில். "பிலோமியோட தாத்தான்னு சொல்லு. சார்ஜர் மாறிப் போச்சு, கொண்டு வந்து குடுக்கணும். உங்க வீட்டுக்கு வரலாமான்னு அண்ணாச்சிகிட்ட கேளு."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் மெதுவாகப் போனை நெருங்கியது. யாரோ போனைக் கையில் வாங்கினார்கள். விக்டோரியாவுடையது இல்லாத ஒரு மூச்சு கனமாகக் கேட்டது.

பாஸ்கல் ஸ்பீக்கரை அணைத்தார். மந்தமான காதோடு போனை அழுத்திக்கொண்டு, மருமகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

என்ன பேசினார்கள் என்று பிளாரன்ஸுக்குக் கேட்கவில்லை. அவர் ஒரு தடவை "ம்" என்றார். பிறகு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆறு வோல்ட் சார்ஜரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் முதுகையே பார்த்தபடி நின்றாள். போன் காதில் இருக்க, பாஸ்கல் புறப்படுகிறவரைப் போல மற்றக் கையால் சட்டையின் மேல் பட்டனைத் தேடிப் போட்டுக்கொண்டார்.